சில்லரையும் பி.எம்.எஸ்ஸையும் இணைக்கப் போவது யார்? மண்டபக் கட்டுமானக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், கட்டுமானக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள நம் சங்க மண்டபத்தின் ஏசியைப் புதுப்பிப்பதற்கான டெண்டர் வரைவை உறுப்பினர்கள் பார்வைக்கு வைத்திருக்கிறீர்கள். இதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். பல இடங்களில் பணம் கைமாறிய பிறகுதான் இந்தக் காகிதமெல்லாம் வெளியே வரும். டர்பனில் கட்டட இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டு வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் கம்பெனி இந்த டெண்டருக்கு விலை கொடுக்கவில்லை, கொடுக்கவும் போவதில்லை. அதனால் கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

சில்லர் (ஏசிக்கான தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம்) பகுதியில் “தேவையான கன்ட்ரோலருடன் வழங்க வேண்டும்” என்று ஒரு வரி இருக்கிறது. மின்வேலைப் பகுதியில் “பி.எம்.எஸ் எல்லா இயந்திரங்களுடனும் இணைக்கப்பட வேண்டும்” என்று இன்னொரு வரி. பி.எம்.எஸ் என்பது கட்டடத்தின் இயந்திரங்களை ஒரே இடத்திலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு. இரண்டும் இரண்டு ஒப்பந்தக்காரர்களுக்குப் போகிற வரிகள். நடுவில் உள்ள இணைப்பு யார் தலையில் என்று வரைவு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. இந்த மடல் அந்த ஓட்டையைப் பற்றியது மட்டும்தான்.

பொதுக்குழுவில் பொருளாளர் ஐயா ஒரு கேள்வி கேட்டார்: “சில்லருக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கிறதே, அப்புறம் பி.எம்.எஸ் என்று தனியாக ஒன்று எதற்கு?” நியாயமான கேள்வி, ஆனால் அன்றைக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. சில்லருடன் வரும் கன்ட்ரோலருக்குத் தன் உடம்பு மட்டும்தான் தெரியும். கம்ப்ரஸர், கேஸ் அழுத்தம், ஆயில், மோட்டார் இழுக்கும் கரண்ட் எல்லாம் அதன் பொறுப்பு, வெளியாள் அதில் கைவைக்கக் கூடாது. ஆனால் ஞாயிறு காலை பெரிய ஹாலில் கல்யாணம், மாடியில் தமிழ் வகுப்பு கிடையாது, சாப்பாட்டுக் கூடம் பதினோரு மணிக்குத்தான் நிரம்பும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு எந்தப் பம்ப் ஓட வேண்டும், எந்த ஏ.ஹெச்.யூ (குளிர்ந்த தண்ணீரால் காற்றைக் குளிர்வித்து ஹாலுக்கு அனுப்பும் பெட்டி) நிற்க வேண்டும், சில்லர் எத்தனை டிகிரியில் தண்ணீர் தர வேண்டும் என்று சொல்வது பி.எம்.எஸ். இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால், மண்டபக் காவலர் சாவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பேனலாகப் போய்த் திருப்ப வேண்டியதுதான். இன்று நடப்பதும் அதுதானே.

பேசிக்கொள்ள இந்தத் துறையில் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று மோட்பஸ். 1979இல் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்களுக்காக வந்தது. எளிமையானது, எங்கும் இருக்கும், எண்களைத் தவிர வேறொன்றும் சொல்லாது. மற்றது பாக்நெட். கட்டடங்களுக்கென்றே அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 1987இல் வேலையைத் தொடங்கி 1995இல் தரநிலையாக வெளியிட்டது, பின்னால் 2003இல் ஐ.எஸ்.ஓ தரமாகவும் ஆனது. பாக்நெட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பெயர் உண்டு, அலகு உண்டு, அலாரம் உண்டு. முடிந்தால் பாக்நெட் கேளுங்கள், அதுவும் சோதனைக்கூடத்தில் தேறி பி.டி.எல் முத்திரை வாங்கிய கன்ட்ரோலராக இருக்கட்டும். இதற்கான கம்யூனிகேஷன் கார்டு சில மாடல்களில் தனி விலை. சில்லருக்கு ஆர்டர் போடும்போதே சேர்த்துவிட்டால் சுலபம், இறக்குமதி ஆகி மொட்டை மாடியில் ஏற்றிய பிறகு வாங்கப் போனால் விலையும் வேறு, காத்திருக்கும் மாதங்களும் வேறு.

ஆனால் “பாக்நெட் உண்டு, மோட்பஸ் உண்டு” என்று கேட்டலாக்கில் போட்டிருப்பதை வைத்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

டர்பனுக்கு வடக்கே ஒரு மண்டபத்தில் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். மத்தியானம் ஆனால் சில்லர் ட்ரிப் ஆகிறது, வாரக்கணக்கில் இதே கதை. சில்லர்காரர் வந்து தன் திரையைக் காட்டினார்: வெளியே போகும் தண்ணீர் 7 டிகிரி, திரும்பி வருவது 12. கச்சிதம். பி.எம்.எஸ்காரர் வந்து தன் திரையைக் காட்டினார்: தொடர்பு சரி, ஒரு பிழையும் இல்லை. இருவரும் “என் பக்கம் ஓகே” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பி.எம்.எஸ் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒன்று உறுத்தியது. “வெளியே போகும் தண்ணீர்” என்ற பெயருக்கு எதிரே 12 என்று காட்டிக்கொண்டிருந்தது. மோட்பஸில் ஒவ்வொரு அளவும் ரெஜிஸ்டர் என்ற எண்ணிட்ட கட்டத்தில் இருக்கும். அந்த எண்களைச் சில கம்பெனிகள் சுழியத்தில் தொடங்கி எண்ணும், சில ஒன்றிலிருந்து எண்ணும். ஒரு எண் தள்ளிப்போனதில் திரும்பி வரும் தண்ணீரின் அளவு வெளியே போகும் தண்ணீரின் பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டது. பி.எம்.எஸ் புரோகிராமோ “தண்ணீர் இன்னும் குளிரவில்லை” என்று நம்பி செட்பாயின்ட்டை, அதாவது சில்லர் எட்ட வேண்டிய தண்ணீர் வெப்பநிலையை, குறைத்துக்கொண்டே போயிருக்கிறது. தண்ணீர் உறைந்துவிடும் அளவுக்கு நெருங்கியதும் சில்லர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது. நின்றது சரிதான். 12 டிகிரி பார்க்க நம்பும்படியான எண்ணாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 120 என்று காட்டியிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார்கள்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது குழாயில் ஒரு தெர்மாமீட்டர், இரண்டு திரைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஒரு ஆள். அந்த ஆள் யார் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை.

ஆகவே டெண்டரிலேயே ஒரு பாயின்ட் லிஸ்ட் கேளுங்கள். சில்லரிலிருந்து எந்தெந்த அளவுகளைப் படிக்கப் போகிறோம், எவற்றை எழுதப் போகிறோம், ரெஜிஸ்டர் எண் (பாக்நெட்டில் ஆப்ஜெக்ட் எண்) என்ன, அலகு என்ன, வரும் எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டுமா வேண்டாமா, அத்தனையும் அதில் இருக்க வேண்டும். நீளமான பட்டியல் நல்ல பட்டியல் என்று ஏமாறாதீர்கள். சில்லர் கன்ட்ரோலரில் நூற்றுக்கணக்கான அளவுகள் கிடைக்கும், நமக்கு வேண்டியது இருபது முப்பது. போகும் தண்ணீர், வரும் தண்ணீர், ஓடுகிறதா நிற்கிறதா, எத்தனை சதவீத லோடு, எந்த அலாரம், எத்தனை மணி நேரம் ஓடியது. எழுத வேண்டியவை இன்னும் குறைவு: ஓட அனுமதி, செட்பாயின்ட், மின்தேவை வரம்பு. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சில கன்ட்ரோலர்கள் செட்பாயின்ட் வந்த ஒவ்வொரு முறையும் அதை நிரந்தர மெமரியில் பதியும். அந்த மெமரிக்கு ஆயுள் இத்தனை பதிவுகள் என்று வரையறை இருக்கிறது. பி.எம்.எஸ் சில விநாடிக்கு ஒருமுறை அதே 7 டிகிரியைத் திரும்பத் திரும்ப எழுதினால் கார்டு சீக்கிரமே செத்துவிடும். மாறினால் மட்டும் எழுதும்படி புரோகிராம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்று அந்த ஒரு கேள்வியிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

வயரிங் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இந்தத் தொடர்புக்கான ஆர்.எஸ் 485 கேபிள் ஒரு கன்ட்ரோலரிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் போக வேண்டும், மரக்கிளை போலப் பிரியக் கூடாது. இரண்டு முனைகளில் மட்டும் 120 ஓம் ரெஸிஸ்டர். வி.எஃப்.டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் படுக்க வைக்கக் கூடாது. நம் ஊர்க் கடல் உப்புக்கு டெர்மினல்கள் பச்சை பூக்கும், அதனால் மொட்டை மாடிப் பேனல்கள் நன்றாக மூடியவையாக இருக்கட்டும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். இங்கே வரும் பி.எம்.எஸ் புரோகிராம்களில் பல ஜோஹன்னஸ்பர்க்கில் எழுதியவை. ஜோபர்க் கடல்மட்டத்துக்கு 1700 மீட்டருக்கு மேலே, காற்று வறண்டது. அங்கே இரண்டு மின்சேமிப்பு உத்திகள் அருமையாக வேலை செய்யும். வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் காற்றுக் கதவான டாம்பரைத் திறந்து சும்மா கிடைக்கும் குளிரை உள்ளே விடுவது ஒன்று. லோடு குறைந்தால் சில்லர் தண்ணீரை 7இலிருந்து 10, 11 டிகிரிக்கு உயர்த்துவது மற்றொன்று. இரண்டையும் அப்படியே தூக்கி டர்பனில் போட்டால், காவடி வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் என்ன ஆகும்? வெளிக்காற்று 22 டிகிரி என்று சென்சார் சொல்லும், ஆனால் அது நனைந்த துணி மாதிரியான காற்று. அதை உள்ளே விட்டால் ஈரமும் கூடவே வரும். தண்ணீர் 11 டிகிரியில் வந்தால் ஏ.ஹெச்.யூவுக்குள் அந்தத் தண்ணீர் ஓடும் காயிலில் காற்றின் ஈரம் போதுமான அளவு வடியாது. தெர்மாஸ்டாட் 23 காட்டும், பட்டுப்புடவை மட்டும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியம்மாக்கள் விசிறியோடு உட்கார்ந்து கமிட்டியைத் திட்டுவார்கள், திட்டு வாங்குவது சில்லர் அல்ல, நீங்கள். டர்பனுக்கு முடிவெடுக்க வேண்டியது ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்த்து. ஹாலில் ஈரப்பத சென்சார், கூட்டத்துக்கு ஏற்ப வெளிக்காற்றைக் கூட்டிக் குறைக்கக் கார்பன் டை ஆக்ஸைடு சென்சார், இரண்டும் டெண்டரில் இல்லை. சேருங்கள். சில்லர் விலைக்கு முன்னால் இவை சில்லறைக் காசு.

மின்வெட்டை நாம் மறக்க ஆரம்பித்திருக்கிறோம். 2023 போன்ற ஒரு வருடம் இனி வராது என்று நம்புவோம், ஆனால் நம்பிக்கையை வைத்து புரோகிராம் எழுத முடியாது. மின்சாரம் திரும்பும்போது எல்லா ஏ.ஹெச்.யூவும், பம்பும், சில்லரும் ஒன்றாகக் கிளம்பினால் மெயின் பிரேக்கர் விழும் அல்லது ஜெனரேட்டர் மூச்சடைக்கும். பி.எம்.எஸ் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுத்தான் கிளப்ப வேண்டும்: முதலில் பம்ப், தண்ணீர் ஓட்டம் உறுதியான பிறகு சில்லர். அந்த ஓட்டத்தைச் சொல்லும் ஃப்ளோ ஸ்விட்ச் நேரடி ஒயரில் சில்லருக்குப் போக வேண்டும், பி.எம்.எஸ் வழியாக அல்ல. தீ அலாரம் அடித்தால் ஃபேன் நிற்பதும் அப்படியே. உயிர் சம்பந்தப்பட்ட எதையும் புரோகிராமை நம்பி விடக் கூடாது.

தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் எழுத்தில் வேண்டும். கேபிள் பிய்ந்தால் சில்லர் நின்றுவிடுமா, கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடுமா, தன் சொந்த 7 டிகிரிக்குத் திரும்புமா? கல்யாண மண்டபத்துக்கு மூன்றாவதுதான் சரி. ஒப்படைக்கும் நாளில் உங்கள் கண் முன்னால் கேபிளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மெயினை அணைத்துப் போட்டும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நம் மண்டபத்தில் நிச்சயம் நடக்கப் போகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிசப்ஷன் நீண்டுபோகும், யாராவது “தம்பி, ஏசியை விட்டுவையப்பா” என்பார்கள், பொறுப்பாளர் திரையில் ஏ.ஹெச்.யூவைக் கையால் ஆன் செய்வார். பாக்நெட்டில் கட்டளைகளுக்கு 16 முன்னுரிமைப் படிகள் உண்டு, 1ஆம் படிதான் எல்லாவற்றுக்கும் மேல். ஆள் கையால் கொடுக்கும் கட்டளை வழக்கமாக 8ஆம் படியில் உட்காரும், நேர அட்டவணை அதற்கும் கீழே இருக்கும். மேல்படியில் இருப்பதை யாராவது விடுவிக்கும்வரை அட்டவணை என்ன கத்தினாலும் எடுபடாது. அடுத்த வெள்ளிக்கிழமை வரை காலி ஹாலில் ஏ.ஹெச்.யூ ஓடிக்கொண்டே இருக்கும், பில் வந்ததும் சில்லர்மேல் பழி விழும். கைக்கட்டளை மூன்று மணி நேரத்தில் தானே விலகும்படி புரோகிராமில் எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பாக்நெட் பொறியாளருக்கும் இது தெரியும், கேட்டால் ஒழிய யாரும் செய்ய மாட்டார்கள்.

நெட்வொர்க் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பரவலாகப் பயன்படும் சாதாரண பாக்நெட்டில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. அதே வலையில் நுழைந்தவர் யாராக இருந்தாலும் சில்லருக்குக் கட்டளை போடலாம். கல்யாணத்துக்கு வரும் ஐந்நூறு பேருக்குக் கொடுக்கும் வைஃபையும் பி.எம்.எஸ்ஸும் ஒரே ரவுட்டரில் இருக்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் “தூரத்திலிருந்து பார்ப்பதற்கு” என்று சிம் கார்டு ரவுட்டர் ஒன்றை நைசாக வைத்துவிட்டுப் போவார். அதன் கடவுச்சொல் சங்கத்திடம் இருக்க வேண்டும்.

கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று காட்டும் எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் சான்றிதழையும் மறந்துவிட வேண்டாம். 2020 டிசம்பரில் தென்னாப்பிரிக்க அரசிதழில் வந்த விதிகள் பொதுமக்கள் கூடும் தனியார் கட்டடங்களையும் சேர்த்துத்தான் சொல்கின்றன, தளப்பரப்பு 2000 சதுர மீட்டரைத் தாண்டினால். மாடியையும் சாப்பாட்டுக் கூடத்தையும் சேர்த்து நம் கணக்கு எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். எப்படியிருந்தாலும் சில்லருக்குத் தனி மீட்டர் வைத்து பி.எம்.எஸ்ஸில் சேர்த்தால், பொருளாளர் ஐயாவுக்கு மாதக் கணக்கில் ஏசியின் பங்கு தனியாகத் தெரியும்.

கடைசியாகப் பணம். இரண்டு ஒப்பந்தக்காரர்களில் ஒருவரை இணைப்புக்குப் பொறுப்பாளர் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். என்னைக் கேட்டால் பி.எம்.எஸ்காரரைச் சொல்வேன், ஆனால் சில்லர்காரர் ரெஜிஸ்டர் பட்டியலைத் தர வேண்டும், சோதனை நாளில் நேரில் நிற்கவும் வேண்டும் என்பது அவர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இருவர் தொகையிலும் ஒரு பகுதியை, பாயின்ட் லிஸ்ட்டின் ஒவ்வொரு வரியையும் இரண்டு திரைகளிலும் குழாயிலும் ஒப்பிட்டுக் கையெழுத்தாகும்வரை பிடித்து வையுங்கள். புரோகிராமின் பேக்கப்பும், எல்லாக் கடவுச்சொற்களும் சங்கத்தின் சொத்து என்றும் ஒரு வரி போடுங்கள்.

இந்தத் திருத்தங்களுக்கான வாசகங்களையும், ஒரு மாதிரிப் பாயின்ட் லிஸ்ட்டையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். டெண்டர் வெளியே போகும் முன் கட்டுமானக் குழு கூடும் எந்த மாலையிலும் கொண்டுவந்து தருகிறேன். சில்லர்காரரையும் பி.எம்.எஸ்காரரையும் அதே கூட்டத்துக்கு அழைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
சங்கத்தின் உறுப்பினர் ஒருவர், டர்பன்