பையைக் கேட்டில் வாங்கி வைக்காதீர்கள்: வடசென்னை அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர்கள், செயலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கங்களில் குழாய் வேலை, கரண்ட் வேலை, மர வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்டில் ஒட்டியிருக்கிறீர்களே, அந்த நோட்டீஸைப் பற்றித்தான். அது ஏன் வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு குடியிருப்பில் சைக்கிள் காணாமல் போனது. பழி டூல்ஸ் பைமேல் விழுந்தது. சைக்கிளை எந்தப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போக முடியும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு சங்கம் ஒட்டியதை அடுத்த சங்கம் பார்த்து ஒட்டி, இப்போது தெருவுக்குத் தெரு அதே வாசகம்: "வேலைக்குத் தேவையான கருவிகளை மட்டும் மேலே எடுத்துச் செல்லவும். மற்றவற்றைக் காவலரிடம் ஒப்படைக்கவும்."

எது தேவை என்பது வேலையைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும். இது புரிந்திருந்தால் நோட்டீஸ் எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

போன வாரம் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். மூன்றாவது மாடி பாத்ரூமில் குழாய் சொட்டுகிறது, மாற்ற வேண்டும். "ஒரு குழாய்க்கு எதுக்குப்பா ரெண்டு ரெஞ்ச்சு?" என்று கேட்டு ஒரு பைப் ரெஞ்ச்சையும், சுத்தி, உளி, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடையும் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மனிதர், எழுதியிருப்பதைச் செய்தார். எழுதியவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் பாத்ரூம் சுவருக்குள் ஒரு எல்போ, அதாவது முழங்கை மாதிரி வளைந்த இணைப்பு, புதைந்திருக்கிறது. அதில் ஒரு பக்கம் பைப், இன்னொரு பக்கம் குழாய். பழைய கட்டடம் என்றால் ஜி.ஐ. பைப், துத்தநாகம் பூசிய இரும்பு. போர் தண்ணீரின் உப்பும் கடல் காற்றும் சேர்ந்து குழாயையும் எல்போவையும் ஒரே இரும்பாகப் பிடிக்க வைத்திருக்கும். இப்போது குழாயில் மட்டும் ரெஞ்ச் போட்டுத் திருகினால் குழாய் கழலாது. எல்போவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுவருக்குள் இருக்கிற பைப்தான் முறுக்கும். அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் கனம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். மரை வெட்டிய இடத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான் மிச்சம். அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

அதற்குத்தான் இரண்டாவது ரெஞ்ச். பதினாலு இஞ்ச் ரெஞ்ச்சால் எல்போவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பத்து இஞ்ச் ரெஞ்ச்சால் குழாயைத் திருக வேண்டும். ஒரு கை தள்ளுவதை இன்னொரு கை தாங்கும், சுவருக்குள் எந்தச் சுமையும் போகாது. எல்போ டைல்ஸுக்குள் முழுக்கப் புதைந்திருந்தால், அதைச் சுற்றி ரெஞ்ச் வாய் நுழைகிற அளவுக்குச் சிமெண்டைக் கொத்த வேண்டும். அதற்கு உளியும் சுத்தியும். நான்கும் சேர்ந்தால்தான் "ஒரு குழாய்" வேலை.

ஒற்றை ரெஞ்ச்சோடு போனவர் திருகினார். குழாய் கழன்றது, மரைத் துண்டு எல்போவுக்குள்ளேயே உடைந்து தங்கிவிட்டது. இதற்கும் வழி உண்டு. ஆக்ஸா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, துண்டின் உட்பக்கம் நீளவாக்கில் இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும். எல்போவின் மரையைத் தொடுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பிறகு சின்ன உளியால் அறுத்த ஓரத்தை உள்பக்கம் மடக்கினால் துண்டு கையோடு வரும். பிளேடும் இஞ்சுக்கு 24 அல்லது 32 பல் உள்ளதாக இருக்க வேண்டும். 18 பல் பிளேடு மெல்லிய பைப்பில் மாட்டிக்கொண்டு பல் உதிரும். இவை எல்லாமே கேட்டில் இருந்தன.

எடுத்துவர இறங்கினால், காவலர் மாறிவிட்டார். பொருளை வாங்கியவர் வந்தால்தான் தருவாராம். மேலே வால்வை மூடி வைத்த வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை என்று ஓனரம்மா கத்துகிறார். கடைசியில் கையில் இருந்ததை வைத்து நெம்பி எடுத்து, புதுக் குழாய் மாட்டி, சொட்டு நின்றது. ஆனால் முறுக்கு வாங்கிய பைப் உள்ளே விரிசல் விட்டுவிட்டது. இரண்டு நாளில் கீழ் வீட்டு ஹாலில் ஈரம் இறங்கியது. சுவரை உடைத்து, பைப்பை வெட்டி, டைல்ஸ் ஒட்டுகிற செலவு யார் தலையில்? "பிளம்பர் கெடுத்துட்டான்" என்று உங்கள் வாட்ஸாப் குழுவில் ஓடியதை எங்களுக்கும் காட்டினார்கள். ரெஞ்ச்சை வாங்கி வைத்தது யார் என்று அந்தக் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே கேட்கிறோம்: பையைத் திறந்து பாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால் அது முழுசாக மேலே போகட்டும்.

பைக்குள் சும்மா கிடக்கிற மாதிரி தெரிகிற சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், காவலர்கள் அடிக்கடி கேட்பதால். அந்த அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் பிளாஸ்டிக் டம்மிகள் சில்லறைக் காசுதான். பழைய வால்வை மூடும்போது தண்டு உடைந்து தண்ணீர் நிற்காமல் வந்தால், பைப் வாயில் அதைத் திருகித்தான் உங்கள் வீடு மிதக்காமல் காப்பாற்றுகிறோம். டெஃப்லான் டேப் இருக்கும்போது சணல் எதற்கு? தேய்ந்த மரையில் டேப் நிரம்பாது. சணல் தண்ணீர் பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும். (டேப்பைக்கூட மரை ஏறுகிற திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகத் திருகப் பிரிந்து வெளியே தள்ளும். வீட்டுக்காரர்களே மாட்டிய குழாய்கள் ஒழுகுவது பாதி இதனால்தான்.) பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா இரண்டு இருப்பது ஒன்று பி.வி.சி.க்கு, ஒன்று சுடுதண்ணீர் போகிற சி.பி.வி.சி.க்கு. மாற்றி ஒட்டினால் கீசர் லைன் நிற்காது. ஒரு இடத்தில் முகர்ந்து பார்த்துவிட்டு "பெட்ரோல்" என்று ஓரமாக, நல்ல வெயிலில் வைத்தார்கள். தீப்பிடிக்கும் சாமான்தான், மறுக்கவில்லை. அதை நிழலில் மூடி இறுக்கி வைக்க எங்கள் பையைவிடப் பத்திரமான இடம் உங்கள் கேட்டில் இல்லை.

எலக்ட்ரீஷியன் கதை வேறு. அவருக்கு டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் அனுமதி. ஹோல்டரில் மாட்டிய பல்பும் அதிலிருந்து தொங்கும் இரண்டு ஒயரும் "வெடிகுண்டு மாதிரி இருக்கு" என்று தடை. ஐயா, அதுதான் டெஸ்ட் லாம்ப். டெஸ்டர் எரிந்தால் அந்த முனையில் மின்னழுத்தம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். லோடு தாங்குமா என்று அது சொல்லாது. ஜாயிண்ட் கருகி, நூல் அளவு தொட்டுக்கொண்டிருந்தாலும் டெஸ்டர் பளிச்சென்று எரியும். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) அறுந்து, எங்காவது ஒரு சுவிட்ச் போட்டிருந்தால், பிளக்கின் இரண்டு துளையிலும் எரியும். பேஸுக்கும் (கரண்ட் வருகிற ஒயர்) நியூட்ரலுக்கும் நடுவே பல்பை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: முழுசாக எரிந்தால் சரி, மங்கினால் ஜாயிண்ட் போச்சு, எரியாவிட்டால் நியூட்ரல் இல்லை. மூன்று பேஸ் வருகிற கட்டடத்தில் மெயின் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 300க்கு மேலும் ஏறும். ஃபிரிட்ஜ், டிவி வரிசையாகப் போகும். அதனால்தான் சிலர் இரண்டு பல்பைத் தொடராக இணைத்து வைத்திருப்பார்கள். இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட், ஒற்றைப் பல்பு வெடித்துவிடும். வெடிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த சாமானைத்தான் வெடிகுண்டு என்றார்கள்.

மர வேலைக்காரருக்கு நடந்தது இன்னும் வயிற்றெரிச்சல். கால், அரை, முக்கால், ஒரு இஞ்ச் என்று உளிகளைத் தனித்தனித் துணி உறையில் வைத்திருப்பார். கீல் பதிக்கிற பள்ளம் ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) ஆழம்கூட வராது. அதில் உளி வாய் ஒரு இடத்தில் முறிந்திருந்தாலும் பள்ளத்தில் கோடு விழும், கீல் உட்காராது, கதவு தொங்கும். அந்த உளிகளை உறையிலிருந்து எடுத்து எண்ணிவிட்டு, மற்றவர்களின் ஸ்பானர், சுத்தியோடு ஒரே பெயிண்ட் டிரம்மில் போட்டால் வாய் என்ன ஆகும்? தீட்டுக்கல்லில் எண்ணெய் விட்டு, 30 டிகிரி சாய்வு மாறாமல் மறுபடி வாய் எடுக்க அரை நாள் போகும். அந்தக் கூலியை உங்கள் பராமரிப்புக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? ரசமட்டமும் அதே டிரம்மில்தான். அது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க, ஒரு இடத்தில் வைத்துக் குமிழைப் பார்த்து, முனைகளை மாற்றி அதே இடத்தில் வைத்தால் போதும். குமிழ் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காத ரசமட்டத்தோடு மாட்டிய ஷெல்ஃபில் நீங்கள் வைக்கிற பாத்திரம் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆயுதம் என்றுதானே பயம்? மேலே ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் அரிவாள்மனை இருக்கிறது, மீன் வெட்டுகிற கத்தி இருக்கிறது. காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு முக்கால் இஞ்ச் உளியைப் பார்த்தா நடுக்கம்?

பேச ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். லிஃப்டில் ஏறக்கூடாது என்கிறீர்கள். சரி, ஏழு மாடி ஏறுகிறோம். ஆனால் கேட்டில் விட்ட ஒரு ஸ்பானருக்காக மறுபடி ஏழு மாடி இறங்கி ஏற வைப்பது எந்த விதியில் சேர்த்தி? பாத்ரூமை ரிப்பேர் செய்கிறவனுக்கு அந்த வளாகத்தில் ஒன்றுக்குப் போக இடமில்லை, தெருமுனைக்குப் போக வேண்டும். ஆன்லைனில் ஆர்டர் போட்ட ஏ.சி. கம்பெனிச் சட்டைக்காரர் வந்தால் அவர் பை திறக்கப்படுவதே இல்லை. அதே ரெஞ்ச், அதே உளி, மேலே ஒரு லோகோ, அவ்வளவுதான் வித்தியாசம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இதே பெரம்பூரில்தான். மில் தொழிலாளிக்குச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் அன்றைய பேச்சில் இருந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் சுத்தியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டிருக்கிற எல்லா விதியும் தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. மதியம் ஒன்று முதல் நாலு வரை டிரில் போடக்கூடாது என்பது நியாயம், வயசானவர்கள் தூங்குவார்கள். குப்பையை நாங்களே கீழே இறக்க வேண்டும் என்பதும் நியாயம். பேர், போன் நம்பர், எந்த வீடு என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறோம், அதுவும் சரி. எங்களில் நிறையப் பேரிடம் 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை இருக்கிறது. அதில் போட்டோ, தொழில் எல்லாம் உண்டு. ஆதாரோடு சேர்த்து அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பை விஷயத்தில் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். உள்ளே வரும்போது பையைத் திறந்து தரையில் பரப்பிக் காட்டுகிறோம், காவலர் தன் போனில் ஒரு போட்டோ எடுக்கட்டும். போகும்போது மறுபடி பரப்புகிறோம், அந்தப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கூடுதலாக ஒரு நட்டு இருந்தாலும் கேளுங்கள். கழற்றிய பழைய குழாயைக் கொண்டுபோனால் ஓனரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு உங்களுக்குச் செலவு இல்லை, டிரம் வாங்க வேண்டியதில்லை, காவலர் மாறினாலும் போட்டோ மாறாது. ஆனால் பையிலிருந்து எதையும் எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அந்த ஒரு வரியை மட்டும் நோட்டீஸிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்களில் இரண்டு பேர் பையோடு வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முடிவு எடுத்தால் நல்லது. மழை இறங்கினால் கதவுகள் உப்பும், மீட்டர் போர்டில் ஈரம் ஏறும், சம்ப்பில் தெருத்தண்ணீர் புகும், மூன்று தொழில்காரர்களையும் ஒரே நாளில் கூப்பிடுவீர்கள். வருவோம். எந்த வீட்டில் எது தேவைப்படும் என்று அப்போதும் எங்களுக்குத் தெரியாது, முழுப் பையோடுதான் வருவோம்.

இப்படிக்கு,
வடசென்னை குழாய், கரண்ட், மர வேலைத் தொழிலாளர்கள்