சாத்துமு தீவுக்கு ஒரு படகு விடுங்கள்

சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்தாருக்கு வணக்கம்.

என் அப்பா 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்தவர். கரை தெரிவதற்கு முன்பே, இருட்டில் ஒரு விளக்கு விட்டுவிட்டு மின்னியதாம். அதைப் பார்த்த பிறகுதான் வயிற்றில் புளி கரைத்தது நின்றது என்பார். மேற்கிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் கப்பல்களுக்கு வழிகாட்டும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமாகத்தான் அது இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் அருகே போய் நிற்கவேண்டும் என்ற ஆசை அவருக்குக் கடைசிவரை இருந்தது. நடக்கவில்லை.

போன ஆண்டு நண்பர்களோடு மீன்பிடிக்கப் போனபோது படகிலிருந்து நான் அதைப் பார்த்தேன். அது நிற்பது சாத்துமு தீவில், நம் தென்கோடித் தீவு. மலாய்ப் பெயருக்கு ஒற்றை மரத் தீவு என்று பொருள் சொல்கிறார்கள். 29 மீட்டர் உயரத்தில் வெள்ளைக் கோபுரம். அதற்கு மேல் நெருங்க அனுமதியில்லை. பாதுகாப்புக்காகத்தான், புரிகிறது.

ஆனால் அந்தக் கோபுரத்தைக் கட்டியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1854 மே 24 அன்று ஆளுநர் பட்டர்வொர்த் அடிக்கல் நாட்டினார், 1855 டிசம்பர் 1 அன்று விளக்கு எரியத் தொடங்கியது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அதற்கான கருங்கல்லை உபின் தீவில் வெட்டி எடுத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து வந்த அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். காலில் விலங்கோடு கடல் கடந்து வந்தவர்கள் வெட்டிய கல், அடுத்தவன் கப்பல் பாறையில் மோதாமல் காத்தது. இதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நம் மொழியில் ‘கரைதல்’ என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதேதான். கலங்களைக் கூப்பிடும் விளக்கு, கலங்கரை விளக்கம். இவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கும் நாம், அதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. விளக்கு முதன்முதலில் எரிந்த டிசம்பர் 1 அன்று, ஆண்டுக்கு ஒருமுறை, குலுக்கலில் தேர்ந்தெடுத்த பொதுமக்களைப் படகில் அழைத்துப் போங்கள். கடல் கொந்தளித்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். வருபவர்களில் முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். கப்பலில் வந்த தலைமுறை சிறுத்துக்கொண்டே போகிறது. அப்புறம், கைதிகளின் கதையைத் தமிழிலும் சொல்ல ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்யுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

அன்புடன்,
ரஜூலாவில் வந்தவரின் மகன்