ஆற்றங்கரைத் தமிழ்ப் படகுத் தொழிலாளர் வரலாற்றுக்கு விளக்கப் பலகை அமைக்கக் கோரும் மனு

பெறுநர்:
ஆற்றோர மரபுடைமை விளக்கப் பணிகளுக்குப் பொறுப்பான இயக்குநர் அவர்கள்,
சிங்கப்பூர்.

பொருள்: போட் கீ வட்டாரத்தில் விளக்கப் பலகையும் தமிழில் வழிகாட்டும் நடையும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அண்மையில் போட் கீயிலிருந்து கிளார்க் கீ வரை ஆற்றோரமாக நடந்து சுற்றிப் பார்த்த எங்கள் வட்டாரத்து மூத்தோர் சார்பில் இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த ஆற்றுத் துப்புரவுப் பணியும், 1989இல் இவ்வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டதும் இல்லையென்றால், இன்று உணவகங்களும் அலுவலகங்களும் இயங்கும் பழைய கடைவீடுகளும் கிடங்குகளும் நமக்கு எஞ்சியிருக்கமாட்டா என்பதை நன்றியுடன் அறிவோம். அவற்றின் வாசலில் சரக்கு இறக்கியவர்களைப் பற்றியதே எங்கள் கோரிக்கை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆற்றுக்குள் சரக்கு கொண்டுவந்த தொங்கான் என்னும் படகுகளில் வேலை பார்த்தோரில் பெரும்பகுதியினர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து சூலியர் எனப்பட்ட தென்னிந்தியரே. சீனப் படகோட்டிகள் அத்தொழிலில் முன்னிலைக்கு வந்தது பிற்பாடுதான். 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டம் சூலியருக்கென ஆற்றோரத்தில் தனிக் குடியிருப்பையே ஒதுக்கியது. அருகிலுள்ள மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி என்னும் வட்டித்தொழில் இடங்களை வைத்திருந்த செட்டியாருக்காவது ஆற்றங்கரையில் ஒரு சிலை வாய்த்திருக்கிறது. தொங்கான்காரர்களைப் பற்றி நாங்கள் நடந்த வழியில் தமிழில் ஒரு வரியும் எங்கள் கண்ணில் படவில்லை. சூலியா ஸ்திரீட் என்ற பெயரைக் கொண்டு தாமாக ஊகித்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

ஆகவே, போட் கீயின் படித்துறை ஒன்றன் அருகே இவ்வரலாற்றை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சொல்லும் பலகை ஒன்றை நிறுவுமாறு கேட்டுக்கொள்கிறோம். மாலையானதும் உணவக மேசைகளுக்கும் கூட்டத்துக்கும் இடையே முதியோர் நின்று கேட்க இயலாது என்பதால், வார இறுதிக் காலை வேளைகளில் தமிழில் வழிகாட்டும் நடை ஒன்றையும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். நிழலில் சில இருக்கைகள் கூடுதலாக இருந்தால் நலம்.

1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்படுவதற்கு முன் இக்கரையில் வேலை பார்த்த சிலர் எங்களிடையே உள்ளனர். அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யத் தங்கள் அலுவலகம் விரும்பினால், சந்திப்புக்கு ஏற்பாடு செய்து தரவும், தமிழ் வாசகத்தைச் சரிபார்த்து உதவவும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வட்டார மூத்தோர் சார்பில் மனுதாரர்