எலிக்கு எண்ணெய்க் குளியல்

பாளையங்கோட்டை,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள சுடலை,

மார்ச்சில் நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை, தெரியும், திட்டாதே. எல்லோரும் நலம், மழை விட்டு விட்டுப் பெய்கிறது, ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. சம்பிரதாயம் முடிந்தது. கதிர் விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அக்கா மகன், போன தடவை நீ வந்தபோது உன் ஹெல்மெட்டுக்குள் முறுக்கைப் போட்டு வைத்தானே, அவன்தான். ஒன்பது வயதாகிறது.

தீபாவளி அன்று விடியக்காலை நாலரை மணி இருக்கும். அம்மா எப்போதும்போல பின்கட்டு அடுப்பில் தவலை நிறைய வெந்நீர் போட்டு, அவனுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தலையில் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "ஏல, சீக்கிரம் வா" என்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் பையன் பலகையில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், கூப்பிட்டால் திரும்பவில்லை, வாய் மட்டும் எதையோ மெல்லுவதுபோல அசைகிறது. அப்புறம் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. அப்புறம் உடம்பு மொத்தமும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மனதுக்குள் "ஸ்டேஜ் ஒன்று... ஸ்டேஜ் மூன்று" என்று எண்ணிக்கொண்டு நின்றேன். சத்தியமாக. 1972-ல் ராசீன் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளின் வலிப்பை அளக்கப் போட்டுக் கொடுத்த கணக்கு நமக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது இல்லையா: வாயும் முகமும் அசைந்தால் ஒன்று, தலை ஆடினால் இரண்டு, முன்னங்கால் துடித்தால் மூன்று, பின்னங்காலில் எழுந்தால் நான்கு, எழுந்து விழுந்தால் ஐந்து. என் மருமகனுக்கு நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தது அம்மா. பக்கத்து வீட்டிலிருந்து இரும்புச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள், அதைப் பிடுங்கிப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு வலிப்பு மருந்து பாடம் நடத்துகிற வாத்தியார்!

வண்ணாரப்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "தலையிலே வெந்நீர் ஊத்தும்போதா வந்துச்சு?" இரண்டாவது கேள்வி, "எத்தனை நிமிஷம் இருந்துச்சு?" முதலாவதுக்கு அம்மா பதில் சொன்னாள். இரண்டாவதுக்கு யாரிடமும் பதில் இல்லை.

வெந்நீர் வலிப்பு, சுடலை. ஜர்னல் கிளப்பில் நீ வாசித்தாயே, உல்லால், சதீஷ்சந்திரா, சங்கர், 1996, பெங்களூர் பேப்பர். எலித் தலையில் சூடான தண்ணீரைப் பீய்ச்சி வலிப்பு வரவழைத்தது. "சார், அரப்பா, சீயக்காயா?" என்று நீ கேட்க, லேப் பால்ராஜ் அண்ணன் கதவுக்குப் பின்னால் சிரிக்க, சார் நம் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினாரே. அதற்குப் பிறகு ஒரு வருடம் "எலிக்கு எண்ணெய்க் குளியல்" என்றால் போதும், ஹாஸ்டலே உருளும். உலகத்தில் வேறு வேலையே இல்லையா இவர்களுக்கு என்று நினைத்தோம். நியூசிலாந்திலிருந்து 1945-லேயே இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதிகம் பார்ப்பது நம் தென்னிந்தியாவில்தான், குறிப்பாகத் தெற்குக் கர்நாடகத்தில். 40, 50 டிகிரித் தண்ணீரைச் செம்பில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றுகிற ஊர்களில் வராமல் எங்கே வரும்? அந்த எலி நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்காகவே செய்த எலி, நமக்குத்தான் புரியவில்லை.

பத்து நாளாக அந்தப் பேப்பர்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எனக்குப் பயம் எங்கே என்றால் கிண்ட்லிங்கில். 1967-ல் கோடார்ட் எலி மூளையில் தினமும் ஒரு சின்ன கரண்ட் கொடுத்தார், முதலில் ஒன்றுமே ஆகவில்லை, நாள் போகப்போக அதே சின்ன கரண்டுக்கு முழு வலிப்பு வந்தது. சுள்ளி பற்றிக்கொள்கிற மாதிரி. பெங்களூர்க்காரர்களும் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றிய எலிகளில் இதைத்தான் பார்த்தார்கள். அத்தான் "ஒரு தடவைதானே மாப்ளே, சூடு ஏறிட்டு, விடும்" என்கிறார். எனக்கு விட முடியவில்லை. சிலருக்கு வெந்நீர் இல்லாமலே பின்னால் வலிப்பு வர ஆரம்பிக்கிறது, அது எலிக் கதை இல்லை, ஆட்களிடம் பார்த்தது. ஆனால் ராத்திரி படுத்தால் வேறு மாதிரியும் தோன்றுகிறது. அந்த எலிகள் நல்ல ஆரோக்கியமான எலிகள், உடம்புச் சூட்டை ஏற்றி ஏற்றி வலிப்புக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தெருவில் அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் அதே சூட்டில் குளித்தார்கள், விழுந்தது இவன் ஒருவன். அந்த ஒருவனிடம் இருக்கிற ஏதோ ஒன்று எந்த எலியிடமும் இல்லை. அப்போது எலியை வைத்து அத்தானை எப்படிப் பயமுறுத்துவது?

காலேஜில் நடப்பதைச் சொன்னால் நீ சிரிப்பாய். இந்த வருடமும் ஆறு எம்.ஃபார்ம் பிள்ளைகள், ஆறு இலைகள். காயவைத்து, இடித்து, சாறு எடுத்து, எலிக்குக் கொடுத்து, காதில் கிளிப் மாட்டி 150 மில்லி ஆம்பியர் ஷாக், 0.2 விநாடி, பின்னங்கால் விறைத்து நீளுகிறதா என்று பார்ப்பது. அப்புறம் வலிப்பை வரவழைக்கிற பி.டி.இஸட் ஊசி. "வலிப்பைத் தடுக்கும் குணம் உள்ளது" என்று கடைசி அத்தியாயம், வைவா, போண்டா. ஷாக் சோதனையைக் குறை சொல்லவில்லை. 1908-லேயே செய்து யாரும் சீண்டாமல் கிடந்த ஃபெனிடாயின் என்கிற வலிப்பு மருந்தை மெரிட்டும் பட்னமும் பூனைகளுக்கு ஷாக் கொடுத்துப் பார்த்துத்தான் 1938-ல் நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் பின்னால் வந்த வலிப்பு மருந்து லெவெடிராசிடாம்? இந்த இரண்டு சோதனையிலும் சுத்தமாக ஃபெயில். கிண்ட்லிங் செய்த எலியிலும், சத்தம் கேட்டாலே வலிப்பு வருகிற சுண்டெலியிலும்தான் அது வேலை செய்தது. அந்த எலிகளிடம் போகாமல் இருந்திருந்தால் 1999-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து குப்பைக் கூடையில் போயிருக்கும். இதைத் துறைக் கூட்டத்தில் சொன்னேன். "சார், மெஷின் அந்த ஒண்ணுதான் இருக்கு" என்றார்கள். அதுவும் நியாயம்தான், என்ன செய்ய.

இதையெல்லாம் விடு. போன வியாழக்கிழமை நானும் கதிரும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். மிஞ்சின புஸ்வாணத்தை எண்ணிக்கொண்டே திடீரென்று சொல்கிறான், "மாமா, அன்னைக்குத் தண்ணி விழும்போது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆச்சி நிப்பாட்டிரக் கூடாதுன்னு இருந்துச்சு. முன்னாடியும் அப்படி இருந்திருக்கு." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த நோய் உள்ள சிலருக்கு அப்படி ஒரு சுகம் வரும், நிறுத்தாமல் தாங்களே மேலும் மேலும் ஊற்றிக்கொள்வார்கள் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு. சனிக்கிழமைகளில் அவன் குளியலறையை விட்டு வராமல் அடம்பிடித்ததற்கு எத்தனை தடவை நான் சத்தம் போட்டிருக்கிறேன். எத்தனை எலிக்கு மார்க் போட்டிருப்போம், சுடலை, எழுநூறு, எண்ணூறு? உமிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கும், துடிப்பதற்கு முன்னால் அதற்கு என்ன இருந்தது என்று நமக்கு ஒரு எழுத்து தெரியாது. அந்தக் கட்டத்துக்கு ராசீனிடம் நம்பரும் கிடையாது.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: தலைக்குச் சூடு வேண்டாம், வெதுவெதுப்பாகவோ பச்சைத் தண்ணீராகவோ ஊற்றுங்கள், தலைக்குக் குளிக்கிற நாளில் ஒன்றரை மணி நேரம் முன்னால் க்ளோபசம் என்கிற வலிப்பு மாத்திரை. அம்மா உடனே, "அப்ப ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயிருதேன், குறுக்குத்துறையில குளிச்ச எவனுக்கு வலிப்பு வந்துச்சு?" என்று கிளம்பிவிட்டாள். அவள் சொல்வது சரிதான், ஆற்றுத் தண்ணீருக்கு வராது. ஆனால் வலிப்பு ஒரு தடவை வந்த பிள்ளையை இப்போது ஓடுகிற தண்ணீரில் எந்த தைரியத்தில் இறக்குவது? இரண்டு நாள் சண்டை. கடைசியில் கொல்லையில் பச்சைத் தண்ணீர், கதவைச் சாத்தக் கூடாது, அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள் என்று முடிவாகியிருக்கிறது. குற்றாலத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, சீசன் வரட்டும்.

உன்னிடம் ஒரு வேலை. நம் லேப் ஸ்டாப்வாட்ச், அந்தக் கறுப்புப் பட்டன் வைத்தது, பால்ராஜ் அண்ணன் தேடித் தேடி அலைந்தாரே, அது உன்னிடம்தான் இருக்கிறது என்று எனக்கு எப்போதோ தெரியும். அதை கூரியரில் போடு. அஞ்சு நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போனில் இருக்கிறதே என்பாய், அம்மாவுக்குப் போனில் பச்சைப் பொத்தானைத் தவிர ஒன்றும் தெரியாது. அது ஒரு அமுக்கு அமுக்கினால் ஓடும். முக்காலிக்கு மேலே ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

அக்கா உன்னைக் கேட்டாள்.

இசக்கி