பிரிப்பதென்றால் பிரியுங்கள், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு

காதல் தொடர் எழுதும் கொரிய எழுத்தாளர்களுக்கு வணக்கம்.

'ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்' கடைசி எபிசோடை நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். 2022 ஏப்ரலில் வந்த அதே கோபம் இப்போதும் வந்தது.

நாயகி ஹீ-டோவும் நாயகன் பேக் இ-ஜின்னும் சேரவில்லையே என்று அழவில்லை. ஹீ-டோ மகளின் குடும்பப் பெயர் பேக் இல்லை, கிம் என்று தெரிந்தபோதே மனதைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் 1997-98இல் கொரியப் பொருளாதாரத்தைச் சாய்த்த ஐஎம்எஃப் நெருக்கடியில் வீடு வாசல் இழந்தவனும், அதே நெருக்கடியில் பள்ளி வாள்வீச்சு அணியை இழந்தவளும் ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தியதை அவ்வளவு பொறுமையாகக் காட்டினீர்கள். 'வானவில்' என்று அவள் பெயர் வைத்த உறவை, இது காதல்தான் என்று அவன் சொல்ல எத்தனை வாரம் காத்திருந்தோம்! பிரிவுக்கு மட்டும் ஏன் நேரமில்லாமல் போனது? 2001 செப்டம்பர் தாக்குதல், செய்தியாளரான அவன் நியூயார்க் போகிறான், அவள் டிவியில் அவன் முகத்தைப் பார்க்கிறாள், அப்புறம் சண்டை, முடிந்தது. பிரிப்பதென்றால் பிரியுங்கள், அதற்கும் உரிய நேரம் கொடுங்கள்.

அந்தப் பேட்டிக் காட்சியை மறக்கவே முடியவில்லை. செய்தி அரங்கில் அவன், எதிரே திரையில் தங்கம் வென்ற அவள். வா போ என்று பேசிக் கிடந்த இருவரும் நாடே பார்க்க 'நீங்கள்' போட்டுப் பேசுகிறார்கள், அவன் செய்தி வாசிக்கும் குரலிலேயே அவளுக்குத் திருமண வாழ்த்து சொல்கிறான். நெஞ்சு அடைத்துவிட்டது. அவன் அந்த வாழ்த்துக்கு எப்படி வந்து சேர்ந்தான், நடுவில் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தான் என்பதைத்தானே நாங்கள் பார்க்க வேண்டும்? அவள் கணவரின் முகத்தைக்கூட நீங்கள் காட்டவில்லை. 16 எபிசோடும் அப்பா யார் என்று ஊகிக்க வைத்துவிட்டு, அந்த மனிதரை வெறும் குடும்பப் பெயராக விட்டது அவருக்கும் அநியாயம், ஹீ-டோவுக்கும் அநியாயம்.

இந்த ஒரு தொடரோடு இது நின்றாலும் சரி. கடைசி எபிசோடு வந்தாலே 'சில ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரு வரி போட்டுத் தாண்டிவிடுகிறீர்கள், கனமானது எல்லாம் அந்த ஒரு வரிக்குள்ளேயே புதைந்துபோகிறது.

உங்களுக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பழைய கடவுச்சொல் மறந்துபோன இ-ஜின்னிடம் 'முதல் காதல் யார்' என்று கணினி கேட்க, அவன் அவள் பெயரைத் தட்டுகிறானே, அதை எழுதியதும் நீங்கள்தான். அந்தக் கையால் அடுத்த தொடரில் பிரிவையும் நிதானமாக எழுதுங்கள், தயவுசெய்து.