அந்தப் பிள்ளையிடம் வகுப்பைத் திரும்பக் கொடுங்கள்: சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும் சபைக் குழுவினருக்கும் ஸ்தோத்திரம்.

போன புதன்கிழமை வேதபாடத்தில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில் ஒரு சின்னப் பையன் கேட்டதற்குப் பதில் தெரியாமல், அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை அதை நம்மிடம் கொண்டுவந்தாள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனுஷன். இரண்டாம் அதிகாரத்தில் மனுஷன் முதலில், மிருகங்கள் அப்புறம். ஏன் என்று கேட்டாள், அவ்வளவுதான். "யூனிவர்சிட்டி போனதும் தலைக்கனம் வந்துவிட்டது" என்றார் மூப்பர் ஒருவர். "அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்ற வசனத்தையும் வாசித்தார்கள். பென்சிலால் கோடு போட்டிருந்த வேதாகமத்தை அவள் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். செம்பனைக்காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி அவளைப் படிக்கவைத்த அம்மா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

அந்த அம்மா எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த வசனம் 1 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை என்ற அறிவை வைத்துக்கொண்டு, பலவீனமான சகோதரனின் மனசாட்சியைப் புண்படுத்தியவர்களுக்குப் பவுல் எழுதியது. தெரியாமல் கேட்டவளுக்கு எழுதியதல்ல. பன்னிரண்டு வயதில் இயேசுவே தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டார். ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய பழைய திருச்சபைத் தந்தை அகஸ்டின், அதில் தான் கண்ட பதில்களைவிடக் கேட்ட கேள்விகளே அதிகம் என்று பின்னாளில் எழுதிவைத்தார்.

படித்தவர்களுக்குத் தாழ்மை வேண்டும், மறுக்கவில்லை. வேதவாக்கியங்களில் வல்லவனான அப்பொல்லோ, கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளிடம் கற்றுக்கொண்டான். ஆனால் அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். ஊர் முன்னால் அவமானப்படுத்தவில்லை.

எஸ்பிஎம் பரீட்சை வந்தால் பிள்ளைகளின் பேனாவை வைத்து ஜெபிக்கிறோம். கோலாலம்பூருக்குப் படிக்கப் போனவர்கள் சபைக்குத் திரும்புவதில்லை என்று உபவாசக் கூட்டங்களில் அழுகிறோம். திரும்பி வந்த ஒருத்தியை நாமே அனுப்பிவிடலாமா?

தயவுசெய்து அவளிடம் வகுப்பைத் திரும்பக் கொடுங்கள். வருகிற புதன்கிழமை அந்தக் கேள்வியை எடுத்துப் பேசுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பரவாயில்லை. அப்புறம், குழுவிலிருந்து யாராவது ஒருவர் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார்.

கிறிஸ்துவுக்குள்,
சபை அங்கத்தினர் ஒருவர்,
சுங்கை சிப்புட்