காந்தி ஸ்டாம்பு ரெயூனியனில் செல்லாது

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடிதமும் எத்தா சிவில் (பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு) மனுவும் எழுதித் தரும் பெரியோர்களுக்கு,

வணக்கம். போன மாதம், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் பங்குக் கோயில் ஒன்றிலிருந்து, மூதாதையர் விவரம் கேட்டிருந்த முத்தியால்பேட்டைக் குடும்பம் ஒன்றுக்குத் தபால் வந்தது. ஐந்து மாதம் காத்திருந்த தபால். பிரித்தால் உள்ளே இருந்தது, உங்களில் ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு எழுதிச் சேர்த்து அனுப்பிய அதே பதில் கவர். வலது மூலையில் நான்கு காந்தி ஸ்டாம்புகள், வரிசை பிசகாமல், முத்திரை விழாமல். கவரை இரண்டாக மடித்ததில் மடிப்பு சரியாக முகவரியின் மேல். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘இந்தத் தபால்தலை இங்கே செல்லாது. பதிவேட்டில் தேடித் தருகிறோம். அனுப்பும் செலவுக்கு வழி செய்யுங்கள்.’ இந்த மூன்று வரியை அனுப்ப, அங்கே சம்பளமில்லாமல் ஊழியம் செய்யும் ஒருவர் தன் கைக்காசில் ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறார்.

இவராவது திருப்பி அனுப்பினார். பலர் கவரை ஓரமாக வைத்துவிடுவார்கள். இங்கே காத்திருப்பவர்கள் ‘அந்த ஊரில் நம் தாத்தா பேர் இல்லை போலிருக்கு’ என்று தேடலையே கைவிடுவார்கள். பேர் பதிவேட்டில் இருக்கும். ஸ்டாம்புதான் இல்லை.

தபால்தலை என்பது கடிதத்தைப் பெட்டியில் போடும் நாட்டின் அஞ்சல் துறைக்கு முன்கூட்டியே கட்டும் கூலி. நம் ஸ்டாம்பு நம் ஊரில் போடும் கடிதத்துக்கு மட்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: வெளிநாட்டுக்கு எழுதும்போது, அங்கே செல்லுபடியாகும் பதில் தபால் செலவைச் சேர்த்து அனுப்புங்கள்.

அதற்கென்றே 1906-இல் ரோமில் கூடிய உலக அஞ்சல் மாநாடு பன்னாட்டுப் பதில் கூப்பனைக் கொண்டுவந்தது. பதில் எழுதுபவர் ஒரு கூப்பனைத் தன் ஊர் அஞ்சலகக் கவுண்டரில் கொடுத்தால், 20 கிராம் வரையிலான ஒரு வெளிநாட்டு விமானக் கடிதத்துக்கு வேண்டிய ஸ்டாம்பு கிடைக்கும். மாற்றித் தருவது உலக அஞ்சல் ஒன்றிய உறுப்பு நாடுகளின் கடமை; விற்பது அவரவர் விருப்பம். பிரிட்டன் 2011 முடிவோடும், அமெரிக்கா 2013 ஜனவரியோடும் விற்பனையை நிறுத்திவிட்டன. கூப்பனிலேயே காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். பதில் வர ஆகும் மாதங்களைக் கணக்கிட்டு அதைப் பாருங்கள். ஒட்ட வேண்டாம், ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம், அதன் மேல் எழுதவும் வேண்டாம்.

இங்கே கவுண்டரில் கூப்பன் கிடைக்காவிட்டால் பாண்டிச்சேரிக்காரருக்கு வழியா இல்லை? பாரிஸ் புறநகரான சர்செல்லிலோ லா கூர்நவ்விலோ சொந்தக்காரர் இல்லாத தெரு இங்கே எது? புத்தம்புது பிரெஞ்சு ஸ்டாம்புகளை அவர்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெயூனியன், குவாதலூப், மர்த்தினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகள் எல்லாவற்றிலும் அவை செல்லும். உள்நாட்டுக் கடிதத்துக்கான பச்சை ஸ்டாம்பு ஒன்றே ஒன்று மட்டும் இந்தியாவுக்குப் பற்றாது. வெளிநாட்டுக் கட்டணத்துக்கானதைக் கேட்டு வாங்குங்கள். ரூபாய் நோட்டைக் கடிதத்துக்குள் செருகுவது விதிக்கும் ஆகாது, அங்கே உபயோகமும் ஆகாது.

கவர் விஷயம் சின்னதுதான், ஆனால் அதில்தான் கெடுகிறது. பதிலுக்கு 9-க்கு 4 அங்குலக் கவர். அதை மடிக்காமல் உள்ளே வைக்க 10-க்கு நாலரை. மூன்றாக மடித்த ஏ4 தாள் சின்னதில் அடங்கும். ஏ4 தாள் ஒன்று 5 கிராம், கவரும் ஏறக்குறைய அவ்வளவே. மூன்று தாள் வைத்தாலே 20 கிராம் எல்லை வந்துவிடும். நகல்கள் அதிகம் கேட்டால் இரண்டு கூப்பன் வையுங்கள். பதில் முகவரியை ஆங்கில எழுத்திலும், நாட்டின் பெயரைக் கடைசி வரியில் பிரெஞ்சிலும், பின்கோடு விடாமலும் எழுதுங்கள். அடியில் தமிழிலும் எழுதினால் நம் தபால்காரர் வாழ்த்துவார்.

எல்லாக் கடிதத்துக்கும் இது வேண்டாம். பிரான்சின் நாந்த் நகரிலுள்ள மத்தியப் பதிவு அலுவலகத்தில் எத்தா சிவில் நகலுக்குக் கட்டணமே இல்லை, இணையத்திலேயே கேட்கலாம். பாண்டிச்சேரி, காரைக்கால் பழைய பதிவேடுகளை பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதையும் ‘பிரான்சுக்கு எழுதிக் கேட்கணும்’ என்று சொல்லிக் கூலி வாங்குவதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பங்குக் கோயில், சிற்றூர் மேரி (நகராட்சி அலுவலகம்), கல்லறைத் தொண்டர்கள், இவர்களுக்கு எழுதும்போதுதான் பதில் செலவு அவசியம்.

கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘முத்துசாமி, கப்பலில் போனார், விவரம் அனுப்பவும்’ என்று எழுதினால் எந்த முத்துசாமியைத் தேடுவார்கள்? ரெயூனியனுக்கு ஆள் போவதை பிரிட்டிஷ் அரசு 1882-இல் நிறுத்தும்வரை எத்தனை முத்துசாமிகள் கப்பலேறியிருப்பார்கள்! ஒப்பந்தக் கூலியாகப் போனவருக்கு மத்ரிக்குல் எண் (பதிவு எண்) உண்டு, தெரிந்தால் எழுதுங்கள். 1881 ஆணைக்குப் பிறகு ரெனோன்சான் (சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்) ஆன குடும்பமென்றால் அப்போது எடுத்த குடும்பப் பெயரை எழுதுங்கள். ஒரே நகலில் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்பும் கலையில் நீங்கள் தேர்ந்தவர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

கோபத்தில் கொஞ்சம் தடம் மாறிவிட்டோம், மன்னிக்கவும். உங்கள் பிரெஞ்சு இல்லாமல் இந்த ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு ஒரு காகிதமும் நகராது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்: அங்கே செல்லும் பதில் தபால் செலவைச் சேர்த்து அனுப்புங்கள். அதற்கான பணத்தைக் கூலியோடு தனியாகக் கேட்டு வாங்குங்கள், தருவார்கள்.

முத்தியால்பேட்டைக் குடும்பத்துக்கு இப்போது இரண்டாவது கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அதற்குக் கூலி கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
வம்சாவளி தேடுவோருக்கு உதவும் புதுச்சேரி அன்பர்கள்